துயருற்றார்க்குக் கடன் உண்டோ?

மக்கள் ஒருவர்க்கொருவர் செய்யக்கடவ கடமைகள் பலவென்பது யாவர்க்கும் உடன்பாடு. பசித்தார்க்கு உணவும், வழியறியார்க்கு வழியும், அஞ்சினார்க்கு ஒரு நற்சொல்லும் அளித்தல் அவற்றுட் சில. ஆயின், அவற்றைச் செய்யவேண்டுவோன் தானே பெருந்துயரில் அழுந்திக் கிடக்குங்கால் அக்கடமைகள் அவனைப் பற்றுமோ, பற்றாவோ என்பது ஆராயத்தக்க வினாவாம். "என் துயரே எனக்குப் பெருஞ்சுமை, பிறர் குறையை நோக்க என்னால் இயலாது" என்று ஒருவன் கூறுவானாயின், உலகம் அக்கூற்றைப் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவ்வாறு மறாது ஏற்றல் முறையோ என்பதனை, யாம் நேரே பட்டறிந்த ஒரு வானூர்திப் பயணத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2018 ஆம் ஆண்டு தைத் திங்களில் ஒருநாள் விடியற்காலை, இலண்டன் நகரில் வாழ்ந்துவந்த எமக்கு எம் தமக்கையார் தஞ்சை நாட்டுச் சிற்றூரிலிருந்து தொலைபேசியில் ஒரு செய்தி கூறினார். அன்னையார்க்கு மூச்சுத்திணறல் மிகுந்துவிட்டதென்றும், மருத்துவர் நம்பிக்கை கூறவில்லையென்றும் சொல்லி, "தம்பி, உடனே புறப்பட்டு வா" என்றார். அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சென்னைக்கு நேரே செல்லும் ஊர்தியில் எமக்கு ஓரிடம் கிடைத்தது. அப்பொழுது நம் நாட்டில் மாலை ஏழு மணி.

முற்காலத்தார்க்கு இத்தகைய பயணம் வாய்த்ததில்லை. நீராவிக் கப்பல்களில் இலண்டனிலிருந்து பம்பாய் சேர ஏறத்தாழ மூன்று கிழமை ஆயிற்று. அந்நாளில் அயல்நாட்டில் இருந்தான் ஒருவன் தன் தாய் நோயுற்றாளென்று கடிதம் பெறும்பொழுதே, அவள் பிழைத்தோ இறந்தோ பன்னாள் கழிந்திருக்கும். 1948 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் நாள் ஏர் இந்தியா நிறுவனத்தாரின் முதல் வானூர்தி 35 பேரை ஏற்றிக்கொண்டு பம்பாயிலிருந்து புறப்பட்டுக் கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டன் சென்றது. இன்றோ இலண்டனுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 8,200 கிலோமீட்டரையும் பத்துமணிப் பொழுதிற்குச் சற்று மேலான காலத்தில் இடையில் எங்கும் இறங்காது கடக்கின்றோம். இவ்விரைவு நமக்கு ஒரு நம்பிக்கையைத் தருகின்றது. அதனோடு முன்னோர் அறியாத ஒரு துன்பத்தையும் தருகின்றது. போய்ச் சேர்வோமோ, சேரோமோ என்று எண்ணி எண்ணிக் கைகட்டியிருக்கும் பத்துமணிப் பொழுதே அத்துன்பமாம். நடந்து செல்வான் அடியை விரைந்து வைக்கலாம். வண்டியிற் செல்வான் காளையை ஓட்டலாம். வானூர்தியில் இருப்பானோ தன் இருக்கையில் வாரினால் கட்டுண்டு இருத்தலன்றி வேறு செய்வதொன்றில்லை. தொலைபேசியும் ஆண்டு வாயடைத்துக் கிடந்தது. வானத்தில் செய்தி பெறும் வசதி எம் ஊர்தியில் இல்லை.

எம் அடுத்த இருக்கையில் எழுபது ஆண்டு நிரம்பிய மூதாட்டியார் ஒருவர் இருந்தார். காஞ்சிபுரத்தார், பெயரனைக் காண்பான் வேண்டி மகன் இல்லத்திற்கு வந்தவர். விருந்தினராய் வருவார்க்கு அந்நாடு பொதுவாக அளிக்கும் ஆறு திங்கள் எல்லை முடிந்தமையால் ஊர் மீள்கின்றார். வருங்கால் மகன் உடனிருந்தான், மீளுங்கால் தனியே. ஆங்கிலம் அறியார். இவற்றையெல்லாம் யாம் பின்னரே அறிந்தேம். முதலில் அவர் இடைவாரைக் கையிற் பற்றிக்கொண்டு, "தம்பி, இதை எப்படி மாட்டுவது?" என்று கேட்டபொழுது, யாம் ஒரு சொல்லும் கூறாது அதனை மாட்டிவிட்டுச் சாளரத்தின்பால் முகத்தைத் திருப்பிக்கொண்டேம்.

கிழக்கு நோக்கிச் செல்லும் ஊர்தியாதலின் பகல் விரைந்து தேய்ந்தது. இரண்டு மணிப்பொழுதிற்குள் புறத்தே இருள் சூழ்ந்தது. பின்னர் உணவுத்தட்டுக்கள் வந்தன. மூதாட்டியார் எம் தோளை மெல்லத் தொட்டு, "தம்பி, இதில் புலால் கலந்திருக்கிறதா?" என்றார். யாம் உறங்குவார் போலக் கண்களை மூடிக்கொண்டேம். உறங்கவில்லை. எம் நெஞ்சம் அன்னையார்பால் இருக்கின்றதென்றும், அதனை வேறொன்றின்பால் ஈர்ப்பது தகாதென்றும் எமக்குள்ளே சொல்லிக்கொண்டேம். சிறிது நேரத்தில், தொடப்படாத அத்தட்டினைப் பணிப்பெண் எடுத்துச் செல்லும் ஓசை கேட்டது.

மேலும் மூன்று மணிப்பொழுது சென்றது. யாம் கண் திறந்து நோக்கியபொழுது அவ்வம்மையார் விளக்கணைந்த ஊர்தியில் விழித்தே இருந்தார். அவர் கால்கள் வீங்கியிருந்தன. உதடுகள் வெடித்திருந்தன. பணிப்பெண் நீட்டிய நீரையும் அவர் கையசைத்து மறுத்ததனைக் கண்டு, "ஏன் அம்மா, நீர் வேண்டாவோ?" என்றேம். அவர் நாணித் தலைகுனிந்து, ஒதுக்கிடத்தின் கதவைத் திறக்கும் வகை தமக்குத் தெரியாதென்றும், எழவேண்டி வருமென்றே ஏறியது முதல் ஒரு துளியும் பருகவில்லையென்றும் கூறினார்.

அறிவுடையார் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க. பறக்கும் ஊர்தியின் உள்ளே காற்று மிகவும் வறண்டது. அதன் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கிற்கும் குறைவு. உள்ளழுத்தமும் ஏறத்தாழ உதகமண்டலத்து மலைமேல் உள்ள அளவினதே. அத்தகைய இடத்தில் ஒரு முதியவர் ஐந்து மணிப்பொழுதிற்கு மேலாக நீரின்றி, எழாது, அசையாது இருந்தார். அவர்க்கு வேண்டியிருந்தது செல்வமன்று, மருத்துவமுமன்று. ஒரு தாழ்ப்பாளை எப்பக்கம் தள்ளுவதென்னும் ஒரு சொல். அச்சொல் எம் வாயில் இருந்தது. எம் துயரின் பெயரால் யாம் அதனை மறைத்து வைத்திருந்தேம்.

யாம் எழுந்து அவரை அழைத்துச் சென்று கதவின் தாழைக் காட்டிக்கொடுத்து, மீண்டு வருங்கால் இடைவழியில் இருமுறை நடக்கச் செய்து, நீரும் தயிர்ச்சோறும் கேட்டுப் பெற்றுத் தந்தேம். நிகழ்ந்தது இவ்வளவே. இனி, இது பற்றி எழும் தடைகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

"கடமை ஆற்றலைப் பற்றியது, துயர் ஆற்றலைக் கெடுக்கும், ஆகலின் துயருற்றானுக்குக் கடமை இல்லை" என்பார் உளர். இக்கூற்றில் உண்மை ஒரு பகுதி உண்டு. உடலாலோ உள்ளத்தாலோ தன் தகுதி குறைந்ததென்று உணர்ந்தான் ஒருவன் வானூர்தியைச் செலுத்தலாகாது என்பது அத்தொழிலின் ஒழுங்கு. தாயை இழக்கும் நிலையில் உள்ள வலவன், "யான் இன்று செலுத்தேன்" என்று விலகுவானாயின் அவன் கடமை தவறினானல்லன், அதனைச் செய்தானேயாவன். என்னை? அவன் தொழில் முழுமனத்தையும் வேண்டுவது. மனம் பிளவுபடின் நூற்றுக்கணக்கானோர் உயிர்க்கு இடர் நேரும். ஆயின் எம்மிடம் கேட்கப்பட்டது யாது? தட்டில் உள்ளது புலாலா அன்றா என்னும் ஒரு விடை. அதற்கு முழுமனம் வேண்டா. பாதி மனமும் வேண்டா. ஆகலின், துயர் எக்கடமையினின்றும் விடுவிக்கும், எதனினின்றும் விடுவியாது என்று பிரித்தறிதல் வேண்டும். முழு ஆற்றலையும் வேண்டுவனவற்றினின்று அது விடுவிக்கும். எஞ்சிய சிற்றாற்றலுக்கு இயல்வனவற்றினின்று விடுவியாது. துயரால் அறிவே மயங்கிக் கிடப்பாரை யாம் குறைகூறேம். எமக்கு அந்நிலை இல்லை. உறங்குவது போல் நடிக்கும் அறிவு எமக்கு இருந்தது.

"அஃதொக்கும், ஆயினும் அப்பொழுது உன் நெஞ்சம் தாய்க்கு உரியதன்றோ? அயலாரை நோக்குதல் தாயை மறத்தலாகாதோ?" எனின், கூறுதும். இத்தடையே எம்மை அம்மூன்று மணிப்பொழுதும் கட்டி வைத்தது. பின்னர் எம் நெஞ்சினை யாமே நடுவுநின்று வினாவினேம்: அந்நேரத்தில் யாம் எண்ணியது யாரை? அன்னையாரின் முகத்தைச் சிறிது நேரமே எண்ணினேம். எஞ்சிய நேரமெல்லாம், சென்ற ஆண்டே ஊர் சென்றிருக்கலாகாதா என்றும், சுற்றத்தார் எம்மை என் சொல்வார் என்றும், கடைசியாகப் பேசியபொழுது பணி மிகுதி கூறி விரைந்து முடித்தேமே என்றும் எம்மையே எண்ணினேம். தாயைக் குறித்த துயர் என்று யாம் போற்றி வைத்திருந்ததில் பெரும்பங்கு எம்மைக் குறித்த கவலையாய் இருந்தது. துயரின் பெயரால் நெஞ்சின் வாயிலை அடைத்துக்கொள்வான் உள்ளே யாரோடு இருக்கின்றான் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று.

இன்னும் சிலர் வானூர்தியின் விதியையே எடுத்துக்காட்டி, "உயிர்வளி குறையுமிடத்து முகமூடியை முதலில் தான் அணிந்துகொண்டு பின்னரே பிறர்க்கு அணிவிக்க என்று கூறுகின்றனரே, தன் துயர் தீர்த்தலே முதற்கடமை என்பது அதனாற் பெறப்படாதோ?" என்பர். அற்றன்று. 35,000 அடி உயரத்தில் உள்ளழுத்தம் திடீரென நீங்குமாயின், ஒருவன் தெளிந்த அறிவோடு செயலாற்றும் காலம் ஒரு நிமிடத்திற்கும் குறைவே. அதற்குள் தன்னைக் காவாதவன் அருகிருக்கும் குழவியையும் காவான். ஆகவே அவ்விதி முன்பின் கூறியதேயன்றி விலக்குக் கூறியதன்று. தான் அணிந்த பின்னரும் அருகிருப்பார்க்கு அணிவியாது வாளா இருப்பானை அவ்விதி காவாது.

இறுதியாக ஒரு தடை: "பிறர்க்கு உதவினால் தன் துயர் சிறிது ஆறும், அவ்வாறாயின் அவ்வுதவி தன்னலமேயாம்." யாம் அவ்வம்மையார்க்கு நீர் பெற்றுத் தந்தபொழுது எம் நெஞ்சு சிறிது இளகியது உண்மை, அதனை மறையேம். ஆயின் செயலின் அளவை அவர் விடாயே வகுத்ததன்றி எம் ஆறுதல் வகுக்கவில்லை. ஆறுதல் வாராதிருப்பினும் அவர்க்கு நீர் வேண்டியிருந்தது. பிறர் குறையை அளவாகக் கொண்டு செய்வது உதவி. தன் ஆறுதலை அளவாகக் கொண்டு செய்வது வாணிகம். வாராது வந்த ஆறுதலைக் குற்றமென்று தள்ளவும் வேண்டா. விலையென்று கேட்கவும் வேண்டா.

ஊர்தி சென்னையில் இறங்குகையில் வைகறை. இறங்குங்கால் அவ்வம்மையார்க்குக் காது அடைத்து நொந்தது. உமிழ்நீரை அடிக்கடி விழுங்குமாறு சொன்னேம். தரையைத் தொட்டதும் தொலைபேசியை உயிர்ப்பித்தேம். தமக்கையாரின் செய்தி காத்திருந்தது. முன்னிரவு ஒன்பதரை மணிக்கே அன்னையார் உயிர் நீத்தார்.

ஒன்பதரை மணி. கணக்கிட்டுப் பார்த்தேம். யாம் புறப்பட்டு இரண்டரை மணிப்பொழுது; உணவுத்தட்டு வந்த நேரம். அன்னையார் கடைமூச்சு விட்டபொழுது யாம் அவர்பால் நெஞ்சை வைத்திருந்தேம் என்னும் பெயரால் கண்களை மூடிக்கொண்டு, மற்றொருவர் பசியோடு இருக்கப் பொய்யுறக்கம் கொண்டிருந்தேம். அப்பொழுது எம் தாய்க்கு யாம் பயன்பட்டிலேம். அருகிருந்த தாய்க்கும் பயன்பட்டிலேம். அம்மூன்று மணிப்பொழுதும் ஒருவர்க்கும் உதவாது ஒழிந்தன. பின்னர்ச் செய்த சிறுதொண்டு அன்னையார்க்குச் செய்யாது விட்டதற்கு ஈடாகும் என்று யாம் கூறேம். ஒருவர்க்குரிய கடன் மற்றொருவர்க்குக் கொடுப்பதால் தீராது. ஒன்றுமட்டும் கூறுதும்: எட்டாத இடத்துக் கடன் தடைப்படின், எட்டும் இடத்துக் கடன் அதனோடு ஒழிவதில்லை.

பெட்டிகள் வந்திறங்கும் இடத்தில் அவ்வம்மையார் எம் முகத்தை நோக்கினார். அவர் வினாவவில்லை, யாமே கூறினேம். அவர் எம் கையைப் பற்றிக்கொண்டார். தம் பெட்டி முன்னரே வந்துவிட்டது. வெளியில் உறவினர் காத்திருந்தனர். ஆயினும் எம் பெட்டி வருமளவும், ஏறக்குறைய அரைமணிப்பொழுது, அவர் அவ்விடத்தினின்றும் பெயரவில்லை. "நீ போ தம்பி, நான் பின்னால் வருகிறேன்" என்று எமக்கு வழிவிட்டே புறப்பட்டார். அவர் கால்கள் அப்பொழுதும் வீங்கியே இருந்தன.

தாம் நோவுற்ற நிலையிலும் பிறர் நோவுக்கு நிற்றல் கூடுமோ என்னும் வினாவுக்கு, நூல் பல ஆராய்ந்து யாம் தேடிய விடையை அவர் நின்றே காட்டினார். துயருற்றார்க்கும் கடன் உண்டு. அது துயரின் அளவுக்கேற்பக் குறையும். ஒரு சொல்லுக்கும் ஒரு கைக்கும் இடமுள்ளவரை முற்றும் மாயாது. இதனை யாம் கற்றது காலங்கடந்தேயாயினும், கற்போர் காலத்தே கற்பாராக.