சுமையும் அளவும்

12 வோல்ட் என்று அச்சிட்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ரிச்சி தெருவில் வாங்கியது. அதோடு நான்கு டயோடுகள், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிடர் ஒன்று. பழைய ரேடியோவுக்காக வீட்டிலேயே செய்த பவர் ஸப்ளை. எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரை வைத்தால் 18 காட்டுகிறது. மோட்டார் சைக்கிளில் போடுகிற 5 வாட் பல்பு ஒன்றை இணைத்ததும் 14க்கு இறங்கிவிடுகிறது. கூட இருந்த நண்பர், கவிதை எழுதுகிறவர், சொன்னார்: "பாத்தீங்களா, மனுஷன் மாதிரியே இருக்கு. சும்மா இருக்கறப்போ பதினெட்டு, பாரம் ஏத்தினா பதினாலு. இப்பத்தான் சுயரூபம் வெளியில வந்திருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அந்த 12. வீட்டுக்கு வருகிற மின்சாரம் நிலையாக நிற்பதல்ல. விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுவது. டிரான்ஸ்ஃபார்மர் தரும் 12 வோல்ட்டும் அப்படித்தான். பூஜ்யத்திலிருந்து ஏறி 17ஐத் தொட்டு, திரும்பி, எதிர்த்திசையில் 17 வரை போய் வருகிறது. 12ஐ அது கடந்து போகிறதே தவிர அங்கே தங்குவதில்லை. 12 வோல்ட் பாட்டரி ஒரு கம்பியை எவ்வளவு சூடாக்குமோ அவ்வளவு இதுவும் சூடாக்கும் என்பதற்காக வைத்த பெயர் அது. கெபாசிடர் உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; 12ஐ 1.414ஆல் பெருக்கினால் 17. மேலும், அச்சிட்ட எண் முழுச் சுமையில் கிடைக்க வேண்டியது. சுமை இல்லாதபோது சுருளின் தடை எதையும் விழுங்குவதில்லை. எனவே 12க்குப் பதில் 13க்கு மேலேயே இருக்கும். டயோடுகளுக்குரிய பங்கைக் கழித்தால் 18 சரியாக வந்துவிடுகிறது. அது பொய் அல்ல. 14ம் பொய் அல்ல, ஆனால் அது சராசரி. சுமையின் கீழ் அழுத்தம் விநாடிக்கு நூறு முறை ரம்பப் பல்லாக ஏறி இறங்குகிறது. மீட்டர் அதைத் தேய்த்துத் தட்டையாக்கி நமக்குக் காட்டுகிறது.

இதில் எதைச் சுயரூபம் என்பது? சோதனை வந்தால்தான் மனிதன் தெரிவான் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. நம் நாவலாசிரியர்களில் பாதிப் பேர் கடைசி அத்தியாயத்தில் ஒரு நஷ்டத்தையோ சாவையோ கொண்டுவந்து பாத்திரத்தின் தலையில் இறக்கிவிட்டு, உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாகத் திருப்தி அடைகிறார்கள். அதற்கு முன்னால் அந்தப் பாத்திரம் வாழ்ந்த முந்நூறு பக்கங்கள் என்ன, ஒத்திகையா? சுமையை ஏற்றிக்கொண்டே போகலாம். இரண்டு முனைகளையும் ஒரு தடித்த கம்பியால் சேர்த்துவிட்டால் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எந்த ஸப்ளையானாலும் வரும். அந்தப் பூஜ்யம் கம்பியைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு ஸப்ளையைப் பற்றிச் சொல்வதில்லை.

1938 மார்ச்சில் மாஸ்கோவில் இருபத்தொரு பேர்மீது நடந்த விசாரணையில் கிரெஸ்டின்ஸ்கி என்பவரும் ஒருவர். சோவியத் வெளியுறவுத் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். மார்ச் 2ஆம் தேதி, தான் குற்றவாளி அல்ல என்றும், முன்பு கொடுத்த வாக்குமூலம் உண்மையல்ல என்றும் நீதிமன்றத்தில் மறுத்தார். மார்ச் 3ஆம் தேதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அந்த மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். இடையில் இருந்தது ஒரே ஒரு இரவு. இரண்டாம் நாள் பேசியவரே உண்மையான கிரெஸ்டின்ஸ்கி என்று சொல்ல வேண்டுமானால் அந்த இரவை நாம் அளவுகோலாக ஏற்றுக்கொள்ள வேண்டும். எனக்குச் சம்மதமில்லை.

நண்பர் விடவில்லை. "அப்ப யாரையும் எதுவும் சொல்லக்கூடாதுங்கறீங்களா?" சொல்லலாம். எந்தச் சுமையில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் மேலேயே 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. நாம் ஒன்றைத்தான் படிக்கிறோம். நான் வேலை பார்க்கிற வங்கிகூட இந்த விஷயத்தில் ஒழுக்கவாதிகளைவிட நிதானமானது. பொதுவாகத் தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் வாராக்கடன்; குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடனென்றால் இரண்டு பருவங்கள் பொறுக்க வேண்டும். கருணை எல்லாம் இல்லை. மழை மாதச் சம்பளத்தைப் போல வராது என்பது விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தச் சுமையிலும் மாறாதவர்கள் இருக்கிறார்களே என்பது நண்பரின் அடுத்த வாதம். தன் தாயாரைச் சொன்னார். என் ஸப்ளையிலும் அப்படி ஒன்று உண்டு: கெபாசிடருக்கு அடுத்தபடியாக வைத்த 7809 என்ற மூன்று கால் ரெகுலேட்டர். பல்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்பதே வோல்ட். உள்ளே 14 வந்து 0.4 ஆம்பியர் ஓடும்போது மிச்சமுள்ள 5 வோல்ட்டை அது தன்னிலேயே எரித்துத் தீர்க்கிறது. 2 வாட் சூடு. அதற்காக முதுகில் ஓர் அலுமினியத் தகடு வைத்திருக்கிறது. வெளி முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்தச் சூடு தெரியாது. அம்மாக்களைப் பொறுமையின் வடிவமாக எழுதித் தள்ளுகிற நம் கதைகளில் அந்தத் தகடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. அது அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது.