ஹலாலான தட்டில் வரும் சோதனை

பன்றி இறைச்சி எந்த முஸ்லிமையும் சோதிப்பதில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குள் கால் வைத்தால் எத்தனை மதுக்கடைகள்! அவற்றின் வாசலைக் கடந்து நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிற நம் சகோதரர்களில் மிகப் பலருக்கு அது ஒரு சோதனையாகவே தோன்றுவதில்லை. காரணம் என்ன? அந்தக் கதவை அல்லாஹுத்தஆலா மூடிவிட்டான். மூடிய கதவின் முன்னால் நின்று மனம் வாதாடுவதில்லை.

ஆனால் அதே சகோதரர் ஒரு வலீமா பந்தியில் உட்காருகிறார். மருத்துவர் சொன்னபடி எட்டு மாதம் பாடுபட்டுப் பன்னிரண்டு கிலோ எடையைக் குறைத்தவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை வைத்த பிரியாணி தீர்ந்துவிட்டது. இரண்டாவது தடவை சட்டி வருகிறது. இறைச்சி ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி அறுக்கப்பட்டது. அரிசி நேர்மையான சம்பாத்தியத்தில் வாங்கியது. பரிமாறுகிறவர் சொந்த மச்சான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹலால். அப்படியானால் அவர் எதை எதிர்த்து நிற்பது? யாருடைய பெயரால் ‘போதும்’ என்று சொல்வது? “ஹஸ்ரத், அல்லாஹ் ஹலாலாக்கியதை நான் ஒதுக்கினால் குற்றமாகுமா?” என்று இப்போது பலர் ஆலிம்களிடம் கேட்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது.

நாட்டின் பல மாநிலங்களில் 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் கணக்கு 14.4 சதவீதம். புதுச்சேரியின் கணக்கு 26.3 சதவீதம், அதாவது பெரியவர்களில் நால்வருக்கு ஒருவருக்கும் மேல்! நம் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும், நமது கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் புதுச்சேரிதானே? நமது சமையலும் அவர்கள் சமையலுக்கு இளைத்ததல்ல. ஆகவே ‘எடையைக் குறையுங்கள், குறைத்ததைக் காப்பாற்றுங்கள்’ என்று மருத்துவர் சொல்வது அழகுக்காக அல்ல. கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறார். உடலுக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இடைவிடாமல் நோன்பு நோற்று வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். வணக்கத்துக்காகக்கூட உடலின் ஹக்கைப் பறிக்கக்கூடாது என்றால், நாக்குக்காக அதைப் பறிக்கலாமா?

இந்தக் கேள்வியில் மக்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், ‘ஹலால்தானே, சாப்பிடு’ என்பது. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில்தான் (7:31) அல்லாஹ் வீண்விரயம் செய்யாதீர்கள் என்றும் கட்டளையிடுகிறான். ஹலால் என்பது பொருளைப் பற்றிய தீர்ப்பு. அளவைப் பற்றிய தீர்ப்பு இன்னொன்று இருக்கிறது. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிட மோசமானது இல்லை என்றும், முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இந்தப் பங்கீடு ஹராமான உணவுக்குச் சொல்லப்பட்டதா? இல்லை, ஹலாலான உணவுக்குத்தான்.

இரண்டாவது சறுக்கல் இதற்கு நேர் எதிரானது. எடை குறைந்த உற்சாகத்தில், ‘வல்லாஹி, இனி பிரியாணியைத் தொடவே மாட்டேன்’ என்று சிலர் சத்தியம் செய்துவிடுகிறார்கள். அல்லாஹ் ஆகுமாக்கிய நல்ல பொருள்களை நீங்களே ஹராமாக்கிக் கொள்ளாதீர்கள் என்று திருக்குர்ஆன் (5:87) எச்சரிக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ஹலாலான பொருளைத் தமக்கு வேண்டாமென்று ஒதுக்கிக்கொண்டபோதும் ‘தஹ்ரீம்’ சூராவின் தொடக்க வசனம் அதைத் திருத்திற்று. சத்தியம் செய்தவர் அதை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், அல்லது உடை கொடுக்க வேண்டும். வசதியில்லாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கப் போய்ப் பத்துப் பேர் சாப்பாட்டுக்குக் கடனாளியாவானேன்?

இரண்டு சறுக்கலுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஹராமாக்குவது வேறு, விட்டுவிடுவது வேறு. அன்னை மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் (ரலி) கேட்டார்கள். இல்லை, எங்கள் ஊரில் இது இல்லாததால் எனக்கு விருப்பமில்லை என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள். என்ன அழகான காட்சி! ஒருவர் விடுகிறார், ஒருவர் உண்கிறார். விட்டவர் உண்டவரைப் பழிக்கவில்லை, உண்டவர் விட்டவரை வற்புறுத்தவில்லை. ஆகவே, ‘இது ஹலால், இன்று இதற்கு மேல் எனக்கு வேண்டாம்’ என்று சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. உடலின் ஹக்கைப் பேணும் நிய்யத்து இருந்தால் அதில் நன்மையும் உண்டு.

அடுத்து இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எடையைக் குறைப்பவர்களைவிட, குறைத்த எடையைக் காப்பவர்கள் ஏன் மிகக் குறைவாக இருக்கிறார்கள்? குறைப்பது ரமளானைப் போன்றது. அதற்குத் தொடக்கப் பிறை உண்டு, முடிவுப் பிறை உண்டு, கூட்டாளிகள் உண்டு, பெருநாளும் உண்டு. நாளுக்கு நாள் தராசு முள் இறங்குவதே ஒரு கூலி. காப்பதோ ஐவேளைத் தொழுகையைப் போன்றது. அதற்கு முடிவுப் பிறை கிடையாது. ‘இன்றும் ஃபஜ்ரு தொழுதுவிட்டீர்களா, பலே!’ என்று யாரும் முதுகில் தட்டுவதில்லை. எடை ஏறாமல் இருப்பதை யார் பாராட்டப் போகிறார்கள்? அங்கேதான் இஸ்திகாமத் என்னும் நிலைத்திருத்தல் தேவைப்படுகிறது.

இது மனத்தின் பலவீனம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1944–45ஆம் ஆண்டுகளில் 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விட்டது. அவர்கள் கனவும் பேச்சும் உணவாகவே ஆயின. சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. கட்டுப்பாடு நீங்கிய பின் வயிறு நிறைந்தும் பசி தீராமல் உண்டார்கள். 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, எடை குறைந்து ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் சுரப்புகள் குறைவாகவும் இருந்ததைக் காட்டிற்று. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பாற்ற அல்லாஹ் உடலில் வைத்த ஏற்பாடு அது. இளைத்த உடலைப் பார்த்துப் ‘பஞ்சம் வந்துவிட்டது’ என்று அது நினைத்துக்கொள்கிறது. இன்று பசியை அடக்கும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதாக 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மருத்துவர் தந்தால் மருந்து எடுப்பது ஆகுமானதே. ஆனால் அதை நிறுத்துவதானால், பின்னாலும் காவல் காக்கும் வேலை நம்முடையது.

இதிலிருந்து இரண்டு படிப்பினைகள். ஒன்று, திரும்பப் பருத்துவிட்ட ஒருவரைப் பார்த்து ‘நப்ஸுக்கு அடிமை’ என்று நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அவர் எத்தனை நாள் போராடினார் என்பதை அல்லாஹ் அறிவான். நோயாலும் மருந்தாலும் பிள்ளைப்பேற்றாலும் பருத்தவர்களும் உண்டு. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைக் கேலி செய்ய வேண்டாம் என்பது இறைக்கட்டளை அல்லவா? இரண்டு, போராடுகிறவர் தம் பசியைப் பகை என்றும் ஈமானின் குறை என்றும் எண்ணிக் கலங்க வேண்டாம். பசி வருவது குற்றமில்லை. பசித்த மனம் சொல்வதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஒரு நாள் தவறிவிட்டால்? நூலை உறுதியாக நூற்ற பின் தன் கையாலேயே துண்டுதுண்டாகப் பிரித்தெறிந்த பெண்ணைப் போல ஆகாதீர்கள் என்று, உடன்படிக்கையை முறிப்பவர்களுக்கு உவமை கூறுகிறது திருக்குர்ஆன் (16:92). உவமையைக் கூர்ந்து பாருங்கள். ஓர் இழை அறுந்ததற்காக அவள் பழிக்கப்படவில்லை. மீதியையும் தானே பிரித்தாளே, அதற்காகத்தான். ஒரு கல்யாணத்தில் கை நீண்டுவிட்டது என்றால் அறுந்தது ஓர் இழை. ‘எல்லாம் போயிற்று, இனி என்ன கட்டுப்பாடு’ என்று மறுநாள் பரோட்டாக் கடைக்குப் போவதுதான் மீதி நூலைப் பிரிப்பது. ஒரு நேரத் தொழுகை தவறியவர் தவ்பா செய்து களாத் தொழுதுவிட்டு அடுத்த வேளைக்கு நிற்கிறார், தொழுகையையே விட்டுவிடுவதில்லை. வயிற்றின் விஷயத்திலும் அதுவே வழி.

வெற்றி பெற்றவருக்கும் ஓர் ஆபத்து உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’வில் வயிற்றாசையையும் காமத்தையும் அடக்குவது பற்றித் தனிப்பகுதி எழுதியபோது, உணவைக் குறைப்பவரைப் பிடிக்கும் முகஸ்துதியையும் மறவாமல் எச்சரித்தார்கள். பந்தியில் கை கழுவிவிட்டு ‘நான் இதெல்லாம் தொடுவதில்லை’ என்று நாலுபேர் கேட்கச் சொல்லி, வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறப்பவர் ஓர் ஆசையை விட்டு அதைவிடப் பெரிய ஆசையில் விழுந்தவர்.

கடைசியாக, விருந்து வைப்பவர்களுக்கு. நம் வீடுகளில் மாமியும் சாச்சியும், “ஒரு பிடி, எனக்காக” என்று வைப்பது அன்பினால்தான். இப்ராஹீம் (அலை) அவர்கள் விருந்தினர் முன் பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைத்து, சாப்பிட மாட்டீர்களா என்று கேட்டார்கள். அவர்கள் கை நீட்டாததைக் கண்டபோது அச்சம் கொண்டார்கள். வந்தவர்கள் பகைவர்களோ என்று. விருந்தாளி உண்ணாவிட்டால் வீட்டாருக்கு மனம் பதறுவது அவ்வளவு பழமையானது! ஆனால் அந்த வானவர்கள் என்ன செய்தார்கள்? மௌனமாக இருந்துவிடவில்லை, அஞ்ச வேண்டாம் என்று சொல்லித் தேற்றினார்கள். விருந்தாளிக்கு இது பாடம்: சும்மா தட்டைத் தள்ளாதீர்கள், ‘மாமி, உங்கள் கைமணத்தில் குறையில்லை, என் உடம்புக்கு இவ்வளவுதான்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டாருக்கும் பாடம் உண்டு: இப்ராஹீம் (அலை) அருகில் வைத்தார்கள், கேட்டார்கள், வாயில் திணிக்கவில்லை. அழைத்தால் போக வேண்டும். போனபின் விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே வருகை தந்தவர் உங்கள் ஹக்கைக் கொடுத்துவிட்டார். அதன்பின் அவருடைய உடலின் ஹக்கை நீங்கள் பறிக்காதீர்கள்.

வீட்டுத் தாய்மார்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை ‘வீணாகுமே’ என்று நீங்களே சாப்பிட்டுவிடுகிறீர்கள். பசியில்லாத வயிற்றில் போட்டால் மட்டும் அது வீணாகாதா? ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். தட்டில் குறைவாக வையுங்கள். சட்டியில் மிஞ்சுவது பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். உங்கள் உடம்பு குப்பைத்தொட்டி அல்ல, அது அமானிதம்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவதே என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். எட்டு மாதத்தில் பன்னிரண்டு கிலோ என்பது பெரிய செயல்தான். ஆனால் இரண்டாவது தடவை சட்டி வரும்போது தட்டின்மேல் கையை வைத்துப் புன்னகையோடு ‘அல்ஹம்துலில்லாஹ், போதும்’ என்பது, யாரும் கவனிக்காத சிறு செயல். அடுத்த பந்தியிலும் அதற்கடுத்த பந்தியிலும் மீண்டும் செய்ய வேண்டிய செயல். உணவைத் தந்தவனையும் அளவைத் தந்தவனையும் ஒருசேர நினைக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.