சஹனைச் சுற்றி அமர்ந்தோர் கடமை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் போற்றித் தொடங்குகிறேன்.



நாங்குநேரி வட்டாரத்து மக்களுக்குக் குளத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஏரிகள் சூழ்ந்திருந்ததாலேயே இவ்வூருக்கு இப்பெயர் வந்தது என்று பெரியோர் சொல்வதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் குளத்தை நம்பி வாழும் பூமி இது. கரையை ஒருமுறை கட்டிவிட்டால் போதுமா? போதாது. வண்டல் எடுக்க வேண்டும். மடை பார்க்க வேண்டும். வளை விழுந்த இடத்தை அடைக்க வேண்டும். இதையே நம் முன்னோர் குடிமராமத்து என்றார்கள். கரை கட்டியவன் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவான். கரையைக் காப்பது அந்த நீரை உண்டு வாழும் குடிகளின் பொறுப்பு.

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பும் நம் சகோதர சகோதரிகளின் நிலையும் இதுதான். சத்திரம் வைத்த டாக்டரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கரையைக் காக்கும் வேலையோ ஆயுள் முழுவதும் இருக்கிறது. அது நோயாளி ஒருவரால் மட்டும் ஆகிற காரியமல்ல என்பதையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

பருமன் என்பது ஏதோ ஒரு வீட்டின் குறையென்று எண்ண வேண்டாம். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். ஆண்களில் 37 பேர். இவர்களில் பலருக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும் போதும். எடை மிக அதிகமாகி, அதனுடன் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவையும் சேர்ந்துகொண்டவர்களுக்கே டாக்டர்கள் ஆபரேஷனைச் சொல்கிறார்கள். ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, மீதியைக் குழாய்போல் ஆக்குகிறார்கள். இன்னொரு முறையில் மேல் முனையில் சிறு முட்டையளவு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள்.

“அல்லாஹ் கொடுத்த வயிற்றை வெட்டலாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். நோயைத் தந்த நாயன் அதற்கு மருந்தையும் தந்தே இருக்கிறான் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம். அழகுக்காக மட்டும் உடலை மாற்றுவது வேறு. உயிரையும் உறுப்பையும் காக்கச் சிகிச்சை செய்துகொள்வது வேறு. ஐயம் உள்ளவர் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரின் சொல்லோடு ஓர் ஆலிமிடம் சென்று கேட்டுத் தெளியட்டும். செய்துகொண்டு வந்துவிட்ட ஒருத்தியிடம் போய் இக்கேள்வியைக் கேட்பதில் யாருக்கு என்ன நன்மை?

இச்சிகிச்சை வீண் என்று சொல்வாரும் உண்டு. இதுவே எல்லாம் என்று நம்புவாரும் உண்டு. இரண்டும் பிழை. ஸ்வீடன் நாட்டில் 1987-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல்லாண்டு கவனித்து வந்தார்கள். செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்திருந்தது என்று 2007-இல் வெளியிட்டார்கள். இது நற்செய்தி. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. குடலோடு இணைக்கும் முறையில் சிகிச்சை பெற்றோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் எடையில் நூற்றுக்கு 32 பங்கை இழந்திருந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அது 25 பங்காகச் சுருங்கியிருந்தது. நூறு கிலோ இருந்தவர் 68-க்கு இறங்கி, மெல்ல மெல்ல 75-க்கு ஏறியதற்குச் சமம். சிறிது ஏறுவது உடலின் இயல்பு. அதற்காக மனம் உடைய வேண்டாம். ஆனால் கவனியாமல் விட்ட கரையில் வளை பெரிதாகும் என்பதை மறக்கவும் வேண்டாம்.

ஆகவே கரையைக் காக்கும் வழிகளை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உணவு. ஆபரேஷன் ஆனவுடன் நீராகாரம், பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு எனப் படிப்படியாகவே டாக்டர்கள் அனுமதிப்பார்கள். அந்த வரிசையை உம்மாவின் பாசமோ மாமியாரின் பரிவோ மாற்றக் கூடாது. வழக்கமான உணவுக்கு வந்த பின்னும் புரதச் சத்தே முதலில் தட்டுக்கு வர வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம்தான் இருக்கிறது. எனவே முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, பயறு, தயிர் ஆகியவற்றைச் சிறுகச் சிறுக நாள் முழுதும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். சோறு கடைசியில் வரட்டும். ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று, நிதானமாக உண்ண வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிறு பையை ஏமாற்றும் உணவுகளும் உண்டு. திருநெல்வேலி அல்வா, பாயசம், சர்பத், ஐஸ்கிரீம் போன்றவை தங்காமல் வழுக்கி இறங்கிவிடும். வயிறும் நிறையாது, எடையும் ஏறும். குடலை இணைத்த சிலருக்கு இனிப்பு இறங்கியவுடன் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றும். காலை முதல் இரவு வரை மிக்சரையும் முறுக்கையும் கொறித்துக்கொண்டிருப்பதும் இதே கேட்டைச் செய்யும்.

இரண்டாவது, மருந்து. வைட்டமின், இரும்புச் சத்து, கால்சியம், பி12 ஆகியவற்றை டாக்டர் சொன்ன அளவில் ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். “எடைதான் குறைந்துவிட்டதே, இனி எதற்கு?” என்று நிறுத்துபவர்கள் இரத்த சோகையிலும் நரம்புத் தளர்ச்சியிலும் போய் நிற்கிறார்கள். கேப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் பற்றி ஐயமிருந்தால் மாத்திரையாகவோ மருந்து நீராகவோ கேட்டு வாங்குங்கள். ஐயத்தைச் சாக்காக்கி மருந்தையே விட்டுவிடாதீர்கள். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் அளவை டாக்டரைக் கொண்டே திருத்திக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் தாமே கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சில, இவர்கள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும். மூன்று நான்கு மாதத்தில் தலைமுடி கொட்டினால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது மீண்டும் வளரும். ஆனால் புரதம் குறைகிறதா என்று பாருங்கள். மணமான பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது; இதைக் கணவனும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நடை. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. சுபுஹுத் தொழுதுவிட்டு அரை மணி நேரம் நடந்தால், ஐந்தே நாளில் இக்கணக்குத் தீர்ந்துவிடும். சிறிதாயினும் விடாமல் தொடரும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்னும் நபிமொழியை இங்கும் பொருத்திப் பாருங்கள்.

இனி, தலைப்பில் சொன்ன கடமைக்கு வருகிறேன்.

ஒரு வலீமா விருந்தை எண்ணிப் பாருங்கள். நெய்ச்சோறும் தாளிச்சாவும் கறியுமாகச் சஹன் வந்து இறங்குகிறது. சுற்றி நான்கு பெண்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஆபரேஷன் செய்துகொண்டவள். இரண்டு துண்டுக் கறியும் ஒரு பிடிச் சோறும் உண்டுவிட்டுக் கையை எடுக்கிறாள். உடனே மாமி சொல்கிறார்: “என்ன புள்ள, கோழி கொத்துற மாதிரி கொத்துற? இன்னும் ரெண்டு கரண்டி வையி!” லாத்தா சொல்கிறாள்: “மொகமெல்லாம் வாடிப்போச்சே! ஒரு நாள் தின்னா என்ன ஆயிடும்?” மூன்றாமவள் பக்கத்துச் சஹனில் இருப்பவளிடம் குனிந்து, “வயித்தை வெட்டிட்டு வந்திருக்கா, தெரியுமா?” என்கிறாள். முதல் இருவர் பேச்சும் பாசத்தில் பிறந்தது. மூன்றாமவள் பேச்சு புறம். மூன்றும் சேர்ந்து அந்தப் பெண்ணை ஒன்று அதிகம் உண்ணவைத்து வாந்தியில் தள்ளும். அல்லது இனி விருந்துக்கே வராதபடி வீட்டில் அடைத்துப் போடும்.

நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்த விரிப்பில் நடந்ததைக் கேளுங்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்டது. அது இன்னதென்று சொல்லப்பட்டதும் நாயகம் அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று வினவினார்கள். இல்லை, என் சமூகத்தார் பூமியில் இது இல்லாததால் எனக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் நாயகம் அவர்கள் விடையளித்தார்கள். காலித் அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்டவரை நாயகம் அவர்கள் தடுக்கவில்லை. உண்ணாதவரை அச்சபையில் எவரும் வற்புறுத்தவுமில்லை. உணவில் அவர்கள் ஒருபோதும் குறை கூறியதில்லை; விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள் என்பதும் ஹதீதில் வந்ததே. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்று உபதேசித்த பெருமானாரின் உம்மத்தில், குறைவாக உண்பவள் எப்படிக் கேலிக்குரியவள் ஆனாள்? அவளுக்குச் சிறு தட்டில் தனியே, வீணாகாத அளவில் வையுங்கள். அவள் கை எடுத்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். அதுவே நீங்கள் செய்யும் விருந்து.

அடுத்து, ரமலான். ஆபரேஷனுக்குப் பின் வரும் முதல் ரமலானில் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் குடிக்க இயலாதவர், பகலெல்லாம் தாகித்திருந்துவிட்டு மஃரிபுக்கும் ஸஹருக்கும் இடையே ஒரு நாளின் நீரையும் புரதத்தையும் மருந்தையும் எப்படி எடுத்து முடிப்பார்? அதனால் முதல் சில மாதங்கள், பலருக்கு ஓராண்டும் அதற்கு மேலும், நோன்பு வேண்டாமென்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நோயாளி வேறு நாட்களில் கணக்கைத் தீர்க்கலாம் என்றும், இறைவன் நமக்கு இலகுவையே நாடுகிறான் என்றும் அல்பகரா அத்தியாயம் தெளிவாக்குகிறது. குணமாகி நோற்க முடிந்தவர் களாச் செய்ய வேண்டும். என்றைக்கும் இயலாது என்ற நிலையில் இருப்பவருக்கே ஃபித்யா. எது தமக்குரியது என்பதை டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாள்தோறும் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களை நாயகம் அவர்கள் அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் உம்மீது உரிமை உண்டென்று உணர்த்திச் சலுகை காட்டினார்கள். இளமையின் வேகத்தில் இன்னும் கூடுதல் கேட்ட அவர்கள், முதுமையில் அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே. நோன்பில்லாத அப்பெண் அடுப்படியில் மறைந்து நின்று குற்றவாளிபோல் ஒரு வாய் கஞ்சி குடிக்கும்படி வைத்துவிடாதீர்கள்.

ஆதரவு என்பது பெரிய செலவுக் காரியமல்ல. அவர் உண்ணும் உணவையே கணவரும் பிள்ளைகளும் உண்டால் வீட்டில் இரண்டு சமையல் இல்லை. எல்லோர் தேகமும் நலம் பெறும். அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி தினமும் நடைக்குத் துணை வரட்டும். மதரஸாவில் வாரந்தோறும் கூடும் பெண்கள் இதுபோன்ற சகோதரியின் நலத்தையும் விசாரிக்கட்டும். ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் முன்பே செய்துகொண்டோர் கூடும் கூட்டம் இருந்தால் அதற்கு அழைத்துச் செல்லுங்கள்; பட்டறிந்தவர் சொல்லுக்கு ஈடு இல்லை. முதலாண்டில் சில முறையும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நெல்லைக்கு முப்பது கிலோமீட்டர் பஸ் பயணம். மதுரை, சென்னையில் செய்துகொண்டவருக்கோ தூரம் அதிகம். துணைக்கு ஆளில்லாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆபரேஷன் விவரம் எழுதிய தாளை வீட்டில் பத்திரமாக வையுங்கள். அவசரத்தில் உள்ளூர் டாக்டருக்கு அது வழிகாட்டும். முதல் வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல் கண்டாலும், எப்போதாயினும் வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலும், நடை தள்ளாடிப் பார்வை மங்கினாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மனத்தையும் கவனியுங்கள். கவலை வந்தபோதெல்லாம் உணவில் ஆறுதல் தேடிய ஒருவருக்கு அந்த வாசல் இப்போது அடைபட்டுவிட்டது. கவலை மட்டும் உள்ளேயே இருக்கிறது. அவர் பேசாமல் ஒதுங்கினால், தூங்காமல் அழுதால், “ஈமான் குறைவு” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அருகே அமர்ந்து கேளுங்கள். தேவையானால் மனநல டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். எடை மீண்டும் ஏறியவரைக் கண்டு, “இவ்வளவு செலவும் வீணா?” என்று கேட்பது உடைந்த கரையில் கடப்பாரை போடுவது. தோல்வி என்று கூசி டாக்டரிடம் போகாமல் இருப்பவர்களும் இப்பேச்சுக்கு அஞ்சியே இருக்கிறார்கள்.

உடல் நமக்கு அல்லாஹ் தந்த அமானத். அதை மீட்டுக்கொள்ளப் பாடுபடும் ஒருவர் நம் வீட்டில் இருந்தால், அவரும் நம்மிடம் ஓர் அமானத்தே. நாளை மஹ்ஷரில் அவரிடம் உடலைப் பற்றிய கேள்வி. நம்மிடம் அவரைப் பற்றிய கேள்வி.

வல்ல ரஹ்மான் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், விடாது தொடரும் உறுதியையும், சுற்றியிருக்கும் நமக்கு இதமான நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.