புள்ளுயிரும் புவனமும்

காஞ்சிப் பட்டின் கரையில் அன்னமும் மயிலும் கிளியும் நெய்யப்படுதலை யாவரும் அறிவர். புள்ளினத்தை அணியாகக் கொண்ட நாம் அவற்றை உயிராகவும் கொள்கின்றோமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

"பறவைக்கு வரும் துன்பம் அதன் வினைப்பயன், அதனைக் காத்தல் நம் கடனாமாறு யாங்ஙனம்?" எனச் சைவருள்ளும் சிலர் வினவுவர். எழுவகைப் பிறப்பினுள் புள்ளும் ஒன்று; அவ்வுடம்பில் நிற்பதும் நம்மைப்போல் மலப்பிணிப்புண்ட ஆன்மாவே. அதற்கும் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவித்தவன் இறைவன். வினையை ஊட்டுதல் அவன் தொழில். அத்தொழிலை நாம் மேற்கொண்டு பிறவுயிர்க்கு இன்னா செய்யின், அது நமக்கு ஆகாமியமாய் ஏறும். ஆதலின் அவ்வினா நம்மைக் குற்றத்தினின்றும் விடுவியாது என்க.

இனி, காப்பதற்குப் பயன் காரணமாகுமோ எனின், இரண்டு இடங்களை ஒப்புநோக்குவாம். காஞ்சி மாவட்டத்துள் இருந்து 2019-இல் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது வேடந்தாங்கல். அவ்வேரியின் கடம்ப மரங்களில் நத்தைகொத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் ஆண்டுதோறும் கூடு கட்டும். அவற்றின் எச்சத்தால் உரமேறிய ஏரிநீர் வயலிற் பாய்ந்து நெல்லை வளர்க்கும். அவ்வூரார் வேட்டையைத் தடுக்குமாறு முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சித்தலைவரிடம் உரிமைச் சாசனம் பெற்றனர்.

தென்னாப்பிரிக்கக் கடற்றீவுகளில் வாழும் பென்குயின் என்பது பறத்தலின்றி நீந்தித் திரியும் புள். தம்மினத்தின் எச்சம் பல்லாண்டு படிந்து இறுகிய படுகையிலே வளை அகழ்ந்து அது முட்டையிடும். 19-ஆம் நூற்றாண்டில் அப்படுகையை உரத்தின்பொருட்டு மாந்தர் சுரண்டி ஏற்றிச் சென்றனர். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் கடற்காகங்கட்கும் இலக்காயின. முட்டைகளையும் மாந்தர் திரளாகக் கவர்ந்தனர். பின்னர் அதன் உணவாகிய சாளையும் நெத்திலியும் அருகின. இன்று எஞ்சியவை 10,000 இணைகளினும் குறைவு. 2024-இல் அவ்வினம் அழிவின் விளிம்பில் நிற்பதாக அறிவிக்கப்பட்டது. 2025-இல் நீதிமன்ற ஆணையால், அவை இனம்பெருக்கும் ஆறு இடங்களைச் சூழ்ந்த கடலில் அம்மீன்களை வலைவீசிப் பிடித்தல் தடுக்கப்பட்டது.

எச்சம் ஈரிடத்தும் ஒன்றே, பயனும் ஒன்றே. ஓரிடத்தில் அது கூட்டைக் காத்தது. மற்றோரிடத்தில் கூட்டையே அழித்தது. ஆகவே பயன் அறத்திற்கு நிலைக்களம் ஆகாமை தெளிவாம். வேடந்தாங்கலாரின் அறமும் நெல்லால் அளக்கப்படுவதன்று. புள் அஞ்சுமெனத் தீபாவளியிலும் வெடி கொளுத்தாது தம் மகிழ்ச்சியைத் துறக்கின்றார்களே, அத்துறவினாலேயே அஃது அறமாயிற்று.

பென்குயினால் நமக்கு யாதொரு பயனும் இல்லை. அதனாலேயே அது நம் சீவகாருணியத்திற்கு உரைகல் ஆகின்றது. அதன் தீவும் கடலும் இறைவன் அவ்வுயிர்க்கு வகுத்த புவனம்; அதனைப் பறித்தல் அவன் கொடையைப் பறித்தலேயாம்.

தென்கடல் நமக்குச் சேய்மையதாயினும் இவ்வறம் அண்மையதே. திருமடத்து நிலங்களிலும் திருக்கோயிற் குளக்கரைகளிலும் நிற்கும் மரங்களைப் புட்கள் கூடு கட்டும் பருவத்தில் வெட்டாதிருத்தலும், நீர்நிலைகளைத் தூர்க்காதிருத்தலும் நம்மால் இயல்வன. அவற்றைச் செய்தலும் சிவபுண்ணியமே என்பது நம் துணிபு.