உறைமோரும் சார்ஜரும்

தாராவிச் சந்துகளில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட எப்போதும் ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கிறது. முன்பெல்லாம் உறைமோர், ஒரு கரண்டி காப்பித்தூள், ரேஷன் வரும்வரை ஓர் ஆழாக்கு அரிசி. இப்போது அந்த வரிசையில் சார்ஜரும் சேர்ந்துவிட்டது. "அக்கா, சி பின் இருக்கா? அஞ்சு பர்சென்ட்தான் நிக்குது." கேட்டவள் வாசலிலேயே நிற்பாள், உள்ளேயிருந்து ஒயர் வரும். விடியுமுன் சைக்கிளில் இட்லிப் பானையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்குக் கல்லாப்பெட்டியே அந்தப் போன்தான். ராத்திரி சார்ஜ் ஏறாவிட்டால், காலையில் பணம் வந்ததா வரவில்லையா என்று தெரியாமலே சட்னியை ஊற்ற வேண்டியிருக்கும்.

சில நாள் அதே வாசலில் வேறு பதில் வரும்: "எங்க வீட்ல ஐபோன் ஒயர்தான் இருக்கு, தங்கச்சி."

உறைமோருக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்த வீட்டு மோரும் எந்த வீட்டுப் பாலையும் உறைய வைக்கும். சார்ஜர் அப்படியில்லை. போனின் அடியில் இருக்கும் ஒரு சிறு துளையின் வடிவம், யார் யாரிடம் கேட்டு வாங்க முடியும் என்பதையே முடிவுசெய்கிறது. கம்பெனிக்காரர்கள் சார்ஜிங் பின்னை மாற்றும்போது வரும் கோபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செலவைத்தான் பேசுகிறார்கள். செலவு உண்மைதான். ஆனால் பத்துக்குப் பத்து அறைகள் ஒட்டிக்கிடக்கும் ஊரில் அதோடு இன்னொன்றும் அறுந்துபோகிறது. கைமாற்றாகக் கேட்கும் வழக்கம் அது.

நோக்கியா காலத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. ஒரே கம்பெனியின் போன்களுக்குள்ளேயே பெரிய பின், சின்ன பின் என்று இரண்டு சாதி இருந்தன. முதலில் மூன்றரை மில்லிமீட்டர் உருளை, பிறகு இரண்டு மில்லிமீட்டர் ஊசி. சாம்சங்குக்கு ஒரு தட்டைப் பின், சோனி எரிக்சனுக்கு அகலமான ஒன்று, மோட்டோரோலாவுக்கு வேறொன்று. அதனால்தான் ராவணன்போல ஒரு கழுத்தில் பல தலை முளைத்த ஒயர்கள் நடைபாதைக் கடைகளில் தொங்கின. 2009இல் ஐரோப்பாவில் கணக்கெடுத்தபோது முப்பது வகை சார்ஜர்கள் புழக்கத்தில் இருந்தன. அங்கே ஐரோப்பிய ஆணையம் அழைத்துப் பேசி, கம்பெனிகள் மைக்ரோ யுஎஸ்பிக்கு ஒப்புக்கொண்டன. அது ஒரே பக்கமாகத்தான் நுழையும். இருட்டில் தலைகீழாகக் குத்தி, உள்ளே இருக்கும் நாக்கை வளைத்துவிட்டு ரிப்பேர் கடைக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் அது ஊருக்குப் பொதுவாக இருந்தது. யார் வீட்டு ஒயரும் யார் போனிலும் நுழைந்தது.

ஆப்பிள் அந்த வழிக்கு வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தனியாக ஒரு அடாப்டரை விற்றுக் கடமையை முடித்துக்கொண்டது. 2003இல் ஐபாடோடு அது கொண்டுவந்த முப்பது பின் இணைப்பை நம்பி ஸ்பீக்கர்கள், அலாரம் கடிகாரங்கள், கார் ரேடியோக்கள் என்று ஒரு தனி உலகமே உருவாயிற்று. 2012 செப்டம்பர் 12 அன்று ஐபோன் 5 வந்தது; கூடவே லைட்னிங் என்ற புதுப் பின்னும் வந்தது. பழைய பொருள்களை ஒட்டவைக்க ஓர் அடாப்டர், அமெரிக்காவில் 29 டாலர். பதினொரு வருடம் கழித்து, 2023இல், அதே செப்டம்பர் 12 அன்று ஐபோன் 15, மற்ற போன்கள் ஏற்கெனவே மாறியிருந்த சி டைப்புக்கு மாறியது. மறுபடி ஓர் அடாப்டர். மறுபடி அதே 29 டாலர்.

ஐபோன் 15 விற்பனைக்கு வந்த செப்டம்பர் 22 அன்று பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள ஆப்பிள் கடை முன்னால் நீண்ட வரிசை நின்றது. இந்தியாவின் முதல் ஆப்பிள் கடையாக அது திறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. விலை 79,900 ரூபாய். மித்தி ஆற்றுக்கு இக்கரையில் தாராவி. இந்தியாவில் விற்ற ஐபோன் 15களில் ஒரு பகுதி நம் ஸ்ரீபெரும்புதூரில் தயாரானவை. நோக்கியா 2006இல் ஆலை திறந்து 2014இல் மூடிவிட்டுப் போன அதே ஸ்ரீபெரும்புதூர்.

அன்று வரிசையில் நின்றவர்களுக்கு பின் மாறியது பெரிய இடைஞ்சல் இல்லை. லேப்டாப்புக்கு ஏற்கெனவே அவர்களிடம் சி ஒயர் இருந்திருக்கும். இடைஞ்சல் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு. நம் குடும்பங்களில் போன் கீழ்நோக்கி இறங்கும் பொருள். மகன் புதிதாக வாங்கினால் அவனுடைய பழையது அம்மாவுக்குப் போகும், அம்மாவுடையது சித்திக்கு. லைட்னிங் போன் மாதுங்கா ஃப்ளாட்டில் இருக்கும் அம்மாவின் கைக்கு வரும்போது, அந்தக் கட்டடத்தில் பாதிப்பேர் சிக்கு மாறியிருப்பார்கள். கோயிலில், சொந்தக்காரர் வீட்டில், ஆஸ்பத்திரிக் காத்திருப்பு பெஞ்சில், "சார்ஜர் இருக்கா?" என்று அவர் கேட்டால் நீட்டப்படுகிற ஒயர் நுழையாது. மாற்றத்தை முடிவுசெய்தவர் ஒருவர், புதுசைத் தேர்ந்து வாங்கியவர் ஒருவர், அதைச் சமாளிக்கிறவர் மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

நடைபாதையில் மலிவாக ஓர் ஒயர் வாங்கலாமே என்றால், லைட்னிங்குக்கு அங்கேயும் ஒரு பூட்டு உண்டு. அதன் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. உரிமம் பெற்று ஆப்பிளுக்குக் கட்டணம் கட்டாத கம்பெனி செய்த ஒயரைச் செருகினால், இது ஆதரிக்கப்படாத துணைக்கருவியாக இருக்கலாம் என்று போன் எச்சரிக்கும்.

இதே ஒயரின் மறுமுனையைப் பாருங்கள். மாதுங்காவின் பழைய கட்டடங்களில் சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்ட், தாத்தா வால்வு ரேடியோவைச் செருகிய காலத்து வடிவம்தான். நேற்று வாங்கிய சார்ஜரும் அதில் நுழைகிறது. இந்தியாவின் உருண்டைக் கால் ப்ளக் பிரிட்டிஷ் காலத்துத் தர அளவிலிருந்து வந்தது. விளக்கும் ஃபேனும் மிக்ஸியும் எத்தனை மாறினாலும் சுவரை மாற்றச் சொல்லி எந்தக் கம்பெனியும் வரவில்லை. சுவர்ப் பக்கத்துத் துளை ஊருக்குச் சொந்தம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். போன் பக்கத்துத் துளையை மட்டும் ஏன் கம்பெனிக்குச் சொந்தம் என்று இவ்வளவு காலம் விட்டுவைத்தோம்?

மாற்றமே கூடாது என்று சொல்வது நியாயமில்லை. முப்பது பின் இணைப்பு கட்டைவிரல் அகலம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு போனை மெலிதாக்கியிருக்க முடியாது. எந்தப் பக்கம் செருகினாலும் நுழையும் வசதி லைட்னிங்கில் 2012இலேயே இருந்தது. சி டைப்பின் தர அளவு வெளியானதோ 2014இல். 2009இல் மைக்ரோ யுஎஸ்பியைச் சட்டமாக்கியிருந்தால் இன்றும் இருட்டில் நாக்கை வளைத்துக்கொண்டிருப்போம். ஆனால் ஒரு தனி வாசலை அடைத்து இன்னொரு தனி வாசலைத் திறப்பதும், தனி வாசலை அடைத்துவிட்டுப் பொதுவழிக்கு வருவதும் ஒன்றல்ல. 2012இல் நடந்தது முன்னது, 2023இல் நடந்தது பின்னது. இரண்டாவதால் வந்த சிரமத்தை முதலாவதின் கணக்கில்தான் எழுத வேண்டும். சி டைப் வந்த அடுத்த சில ஆண்டுகளிலேயே பொதுவழிக்கு வந்திருந்தால், இந்த இரண்டாவது மாற்றத்தில் இத்தனை ஒயர்கள் வீணாகியிருக்காது.

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த பழைய தலைமுறைக்கு இதைவிடப் பெரிய இணைப்புச் சிக்கல் ஒன்று தெரியும். பம்பாயில் ஏறினால் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. அது மெட்ராஸ் சென்ட்ரலோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, டிரங்குப் பெட்டி, படுக்கை, பிள்ளைகள் எல்லாவற்றையும் சுமந்து எழும்பூர் போய், ஆயிரம் மில்லிமீட்டர் மீட்டர் பாதையில் மறுபடி ஏற வேண்டியிருந்தது. செலவு குறையும் என்று 1870களில் அரசு எடுத்த முடிவு அது. மிச்சமானது அரசின் பணம். அதற்கான சுமை நூறு வருடத்துக்கும் மேலாகப் பயணிகளின் தலையில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கும் பெரிய திட்டம் 1992இல்தான் தொடங்கியது.

போன்களுக்கு அந்த வேலையைச் செய்தது ஐரோப்பிய நாடாளுமன்றம். 2022 அக்டோபர் 4 அன்று 602 பேர் ஆதரவாகவும் 13 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய போன்களுக்குச் சி டைப் கட்டாயம். ஆப்பிள் 2023இலேயே மாறியதற்கு இந்தச் சட்டம்தான் காரணம். தூக்கி எறியப்படும், பயன்படாமல் கிடக்கும் சார்ஜர்களால் ஐரோப்பாவில் மட்டும் வருடத்துக்கு 11,000 டன் குப்பை சேர்வதாக அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கணக்குக்கு மும்பையில் ஒரு முகம் உண்டு. சாக்கிநாகாவிலும் குர்லாவிலும் பழைய மின்சாமான்களைப் பிரிக்கிறவர்களின் முகம் அது. சார்ஜர் ஒயரை உரித்தால் கிடைப்பது மிகக் கொஞ்சம் செம்பு. அதற்காக மேலுறையை எரித்தால் வரும் புகை அவர்களுடைய மார்புக்குள்தான் போகும்.

இந்தியாவும் அசைந்தது. 2022 நவம்பர் 16 அன்று தில்லியில் நுகர்வோர் விவகாரத் துறை கூட்டிய கூட்டத்தில் ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப்புகளுக்குச் சி டைப் என்று கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்கான தர அளவையும் வெளியிட்டது. துளை ஒன்றானால் எல்லாம் ஒன்றாகிவிடாது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சி ஒயர்களில் ஒன்று போனை வேகமாக நிரப்பும். மற்றது இரவெல்லாம் இழுக்கும். "ஃபாஸ்ட் சார்ஜ்" என்ற பெயரில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு முறை வைத்திருக்கிறது. ஆனாலும் மெதுவாகவாவது ஏறும். கதவைத் தட்டியவள் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

அந்தக் கூட்டத்தில் பட்டன் போன்களை இந்த ஏற்பாட்டிலிருந்து தனியே பிரித்துப் பேசினார்கள். மலிவான போன்களின் விலை ஏறிவிடக் கூடாது என்ற கவலை பொய்யில்லை. ஆனால் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கு மாலையில் வரும் பெரியவர்களின் சட்டைப் பையிலும் சுருக்குப்பையிலும் இருப்பது அந்தப் போன்தான். அவர்களில் ஓர் ஆச்சியின் வீடு முழுக்க சி ஒயர்கள் கிடக்கும்போது, அவர் போனுக்கான மைக்ரோ யுஎஸ்பி சார்ஜர் மட்டும் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஓர் ஆணியில் தொங்குகிறது. பழசு என்று யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் இருக்க, பேத்தி அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்திருக்கிறாள்.