பழக்கம் என்றொரு தள்ளுபடி

போன வருஷம் பெரும்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். பழைய கட்டிலின் ஒரு கால் ஏற்கெனவே செங்கல் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அதை வீடு மாற்றும்போதே கழித்துவிட்டோம். அம்மாவும் அப்பாவும் அம்பாசமுத்திரத்தை விட்டு எங்களோடு வந்து இருப்பதாக முடிவாகியிருந்தது. ஆக, இரண்டு கட்டில், இரண்டு மெத்தை வாங்க வேண்டும். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். ஒரு எக்செல் கோப்பைத் திறந்தேன்.

அதிகமாகச் செலவு செய்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மூன்று வாரம் தேடினேன். மெமரி ஃபோம், லேட்டக்ஸ், ஸ்பிரிங், தென்னை நார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. கனம் எத்தனை அங்குலம், ஃபோமின் அடர்த்தி எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கடைசியில் எங்கள் அறைக்குக் கட்டில் 32,000, மெத்தை 34,000 என்று வந்து நின்றது. அம்மா அப்பா அறைக்கு ஒரே வரி: "கட்டில் + மெத்தை, 9,500."

மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "அவங்களுக்கு மட்டும் ஏன் தேடவே இல்ல?"

"அவங்களுக்கு தரையிலயே படுத்துப் பழக்கம். இதுவே ஜாஸ்தி."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன அந்த வாக்கியம் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. சொல்லும்போது அது ஒரு தகவல் மாதிரிதான் இருந்தது. இருட்டில் படுத்துக்கொண்டு திருப்பிக் கேட்டபோது தள்ளுபடிக் கூப்பன் மாதிரி இருந்தது. அம்மா அப்பாவின் பழக்கத்தைக் காட்டி 56,500 ரூபாய் கழித்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கழிவைப் பற்றியது.

முதலில் "அதிகச் செலவு" என்றால் என்ன? எதைவிட அதிகம்? தேவையைவிட என்று சொல்லிவிடலாம். ஆனால் தூக்கத்தில் தேவையை அளப்பது கஷ்டம். சட்டை இறுக்கமா என்று போட்டவுடன் தெரிந்துவிடும். மெத்தையைத் தூங்கித்தான் பார்க்க வேண்டும், தூங்குகிறவனோ பார்க்க முடியாது. கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு பேர் பார்க்க, கூச்சத்தோடு ஐந்து நிமிஷம் மல்லாந்து படுத்தால் எந்த மெத்தையும் நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் போன கடையில் விற்பனையாளர் முதலில் ஒன்றரை லட்சம் ரூபாய் மெத்தையில்தான் படுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு 34,000 என்பது சிக்கனமாகத் தெரிந்தது. அந்த வித்தை எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

முதுகு வலிக்குக் கட்டாந்தரை மாதிரி கெட்டியான படுக்கைதான் நல்லது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். டாக்டர்களே பலர் அப்படிச் சொன்ன காலம் உண்டு. 2003-ல் லான்செட் இதழில் ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. நீண்ட நாள் கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கெட்டி மெத்தையும் இன்னொரு குழுவுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று படுத்தவர்களுக்குத் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ரொம்பக் கெட்டியும் வேண்டாம், அமுங்கிப் போவதும் வேண்டாம். அந்த நடுத்தரம் எல்லா விலையிலும் கிடைக்கிறது. நான் அட்டவணையில் போட்டிருந்த 34,000-ல் ஒரு பகுதி தூக்கத்துக்கு, மீதி உறைக்கும் பெயருக்கும் என் பதற்றத்துக்கும்.

ஆக, எங்களுக்குப் போட்ட தொகை தேவையைவிட அதிகம் என்பது புரிந்தது. அம்மா அப்பாவுக்குப் போட்டது குறைவா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் ஒரே ஓர் இரும்புக் கட்டில் உண்டு. அது தாத்தாவுடையது. ஓர் இலவம்பஞ்சு மெத்தையும் உண்டு. அது பரணில் சுருட்டிக் கட்டியிருக்கும். விருந்தாளி வந்தால் இறங்கும், அக்கா பிரசவத்துக்கு வந்தபோது இறங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் வெயில் காயும். பஞ்சு கட்டி தட்டினால் பிரித்து அடித்து மறுபடி தைக்க ஆள் வருவார். மற்ற எல்லோருக்கும் கோரைப் பாய். பத்தமடை பக்கத்தில்தான் இருக்கிறது, பாய்க்குக் குறைவில்லை. அப்பா கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தார். இன்னொரு கட்டில் வாங்குவதா, எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதா என்ற கேள்வி அந்த வீட்டில் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கப்பட்டதில்லை. அதற்கான பதிலில்தான் நான் படித்தேன். அவர்கள் பாயில் படுத்தார்கள். முப்பத்தைந்து வருஷம் படுத்ததில் பழகிவிட்டது.

அமர்த்தியா சென் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நெடுங்காலம் இல்லாமையில் இருப்பவர்கள் கிடைக்காததை விரும்புவதையே விட்டுவிடுகிறார்கள், கிடைத்ததில் நிறைவு காணக் கற்றுக்கொள்கிறார்கள். "திருப்தியா இருக்கீங்களா?" என்று கேட்டு அந்தப் பதிலை மட்டும் வைத்து அவர்கள் நிலைமையை எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும் என்பது அவர் வாதம். யோன் எல்ஸ்டர் 1983-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே நரியின் புளித்த திராட்சைதான். எட்டாத பழம் புளிக்கும் என்று நரி சொல்கிறது. எல்ஸ்டர் கேட்பது, அந்த நரியின் ருசியை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று. என் அட்டவணையில் நான் செய்தது அதைவிட ஒரு படி மோசம். நரி தன்னைத்தான் சமாதானப்படுத்திக்கொண்டது. நான் நரியின் சமாதானத்தைக் காட்டித் திராட்சைக்கான காசை மிச்சம் பிடித்தேன்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும், நியாயமானதும்கூட. தரையில் படுப்பது இல்லாமை மட்டும்தானா? சித்திரை வெயிலில் சிமென்ட் தரையில் பாய் விரித்துப் படுக்கும் சுகம் எந்த மெத்தையிலும் கிடையாது. அப்பாவுக்கு அது உண்மையாகவே பிடிக்கும். "பாயில படுப்பவர்கள் எல்லாம் ஏமாந்தவர்கள்" என்று நகரத்து மகன் முடிவுகட்டுவதும் ஒரு திமிர்தான். அப்படியானால் விருப்பத்தையும் பழகிப்போனதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கேட்டுப் பார்க்கலாம் என்று போனில் கேட்டேன்.

"எனக்கெதுக்குய்யா கட்டிலு? தரைதான் சவுரியம். நீங்க ரெண்டு பேரும் நல்லதா வாங்கிக்கோங்க. வேலைக்குப் போற பிள்ளைக" என்றாள் அம்மா.

இந்தப் பதில் கிடைக்கும் என்று தெரிந்துதான் கேட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். கேள்வியே கூப்பனில் கையெழுத்து வாங்கத்தான்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். ராத்திரி மூன்று மணி இருக்கும். அம்மா பாத்ரூம் போக எழுந்தாள். எழுந்தாள் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன், நடந்தது அப்படியில்லை. முதலில் ஒருக்களித்தாள். முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஜன்னல் வரை நகர்ந்து போனாள். கம்பியைப் பிடித்து ஒரு முட்டியை ஊன்றினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு "முருகா" என்று இன்னொரு காலையும் நிமிர்த்தினாள். அந்த ஜன்னல் கம்பியில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளப்பாக இருந்தது. எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், அன்றுதான் அதைப் பார்த்தேன்.

"எத்தன நாளாம்மா இப்படி?"

"இது எப்பவும் உள்ளதுதான். நீ தூங்கு."

விருப்பத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். வாய் பழகிவிடுகிறது. முட்டி பழகுவதில்லை.

சென்னை திரும்பியதும் குற்ற உணர்ச்சி என்னைப் பிடித்துக்கொண்டது. கோப்பைத் திறந்து 9,500-ஐ அழித்து 60,000 போட்டேன். ஹைட்ராலிக் கட்டில், அடியில் சாமான் வைக்கும் பெட்டி, பத்து அங்குல மெத்தை, தலைமாட்டில் குஷன். போட்டவுடன் மனசு லேசானது. அந்த லேசுதான் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

அம்மா அப்பா வந்த அன்று மனைவி தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் படியவிட்டு, முட்டிக்குப் பின்மடிப்பு வரை அளந்தாள். 16 அங்குலம். நான் தேர்ந்தெடுத்த கட்டில் 14, மெத்தை 10. மொத்தம் 24. அம்மா அதில் ஏறத்தான் வேண்டும், உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் கால் அந்தரத்தில் தொங்கும். ராத்திரி மூன்று மணிக்கு இருட்டில் அங்கிருந்து இறங்குவதை யோசித்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பியே மேல்.

"இது அத்தைக்கு வாங்குற கட்டில் இல்ல, உனக்கு வாங்குற கட்டில்" என்றாள் அவள்.

சரிதான். 9,500 போட்டபோதும் 60,000 போட்டபோதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் பணத்தைத்தான். முதலில் அது மிச்சமாக வேண்டியிருந்தது, பிறகு அது என்னை மன்னிக்க வேண்டியிருந்தது. அம்மாவின் கால் தரையில் படுமா என்பது இரண்டு கணக்கிலும் இல்லை. அதிகச் செலவுக்கு இப்போது எனக்கு ஒரு விளக்கம் இருக்கிறது: யாருக்காக வாங்குகிறோமோ அவர்களுடைய தேவைக்குப் போகாமல் என் தேவைக்குப் போகிற பணம். இந்தக் கணக்கில் 9,500-ம் அதிகச் செலவுதான். அவர்களுக்கும் வாங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆகும் செலவு.

இன்னொரு சிக்கலும் வந்தது. அம்மாவுக்குக் கட்டில், அப்பாவுக்குப் பாய் என்றால் சரியாகிவிடுமே என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவுக கீழ படுத்திருக்க நான் மேல படுக்கவா? நல்லா சொன்ன." முட்டிவலிக்கு மேலே இப்படி ஒரு பூட்டு இருப்பதை எந்த அளவு நாடாவும் காட்டியிருக்காது. அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "சரி, நானும் மேல படுக்கேன். எனக்கென்ன" என்றார். அவர் அம்மாவுக்குக் கொடுத்த பரிசுகளில் நான் நேரில் பார்த்தது அது ஒன்றுதான்.

மேடவாக்கத்தில் ஒரு தச்சர் பெட்டி இல்லாத சாதாரணக் கட்டிலை 11 அங்குல உயரத்தில் செய்துகொடுத்தார். பிடித்து எழ ஒரு பக்கம் கைப்பிடி. 13,500. ஐந்து அங்குலத்தில் நடுத்தரக் கெட்டி மெத்தை 12,000. எங்கள் அறைக்கும் அதே வகை மெத்தை, அளவு கொஞ்சம் பெரிது, 13,000. கட்டில் 15,000. மொத்தம் 53,500. என் முதல் அட்டவணையைவிட 22,000 குறைவு. நல்லது செய்ததற்குக் கிடைத்த சன்மானம் என்று இதைச் சொல்லவில்லை. அளந்து பார்த்தால் சில சமயம் கூடும், சில சமயம் குறையும். எங்களுக்குக் குறைந்தது, அவ்வளவுதான்.

புறநானூற்றின் ஐம்பதாவது பாட்டில் ஒரு கட்டில் வருகிறது. முரசுக்கான கட்டில். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரத்தில், களைத்து வந்த மோசிகீரனார் தெரியாமல் அந்தப் பூப்படுக்கையில் ஏறித் தூங்கிவிடுகிறார். வெட்டியிருக்க வேண்டிய பெருஞ்சேரல் இரும்பொறை விசிறியை எடுத்து வீசுகிறான். தமிழுக்குக் கொடுத்த மரியாதை என்று பள்ளியில் படித்தோம். இப்போது எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. களைத்துக் கிடக்கும் ஒரு உடம்பைப் பார்த்துவிட்ட பிறகு அந்தக் கட்டில் யாருக்கு உரியது என்ற சட்டம் அவனுக்குப் பொருட்டாக இல்லை. அவன் எழுப்பியிருந்தால் புலவர் கட்டாயம் "எனக்குத் தரையே போதும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அம்மா இப்போது ராத்திரி எழும்போது "முருகா" கேட்பதில்லை. கைப்பிடி லேசாகக் கிரீச்சிடுவது மட்டும் கேட்கிறது. அப்பா ராத்திரி மெத்தையில் படுக்கிறார், மத்தியானம் ஹாலில் பாயை விரித்துவிடுகிறார். இப்போது அது பழக்கமில்லை, விருப்பம் என்று நம்புகிறேன். மேலே ஓர் இடம் இருந்தும் கீழே படுக்கிறார் அல்லவா.

ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, விடியும்வரை இருக்கிறார். பணி நேரம் பன்னிரண்டு மணி. போன மாதக் கூட்டத்தில், நடுவே அவர் மாறி மாறி ஓய்வெடுக்கப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் ஒரு கட்டில் போடலாமா என்ற பேச்சு வந்தது. "அவருக்கு அது பழகிடுச்சு சார்" என்றார் ஒருவர். எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். நானும் போனேன்.

அந்த எக்செல் கோப்பு இன்னும் இருக்கிறது. நேற்று அதில் ஒரு வரிசை சேர்த்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அடுத்த கூட்டம்.