சாமான் அறையும் மறுமைக் கணக்கும்

ஜகாத் கடமையாகாத பொருளுக்கு மறுமையில் கேள்வி உண்டா? இந்த வினாவை நாம் அதிகம் எழுப்புவதில்லை. தங்கம், வெள்ளி, ரொக்கம், வியாபாரச் சரக்கு ஆகியவற்றைக் கணக்கிட்டு 40-ல் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால், உடைமைகளைப் பற்றிய பொறுப்பு முழுவதும் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். வீட்டில் புழங்கும் பாத்திரம் பண்டங்களுக்கும், பாய் படுக்கைகளுக்கும், கட்டில் பீரோக்களுக்கும் ஜகாத் இல்லை என்பது மார்க்கச் சட்டம். அதில் ஐயமில்லை. ஆனால், ஜகாத் இல்லை என்பதும், கேள்வியே இல்லை என்பதும் ஒன்றாகுமா?

இவ்வினாவிற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் வீடுகள் பலவற்றில் கொல்லைப்புறத்தை ஒட்டியோ, மாடிப்படிக்கு அடியிலோ ஓர் அறை இருக்கும். சாமான் அறை என்போம். நோன்பு வருகிறதென்றால் முன்கூடத்தை வெள்ளையடிப்போம். விருந்தினர் அமரும் இடத்தைத் துலக்குவோம். அந்த அறையை மட்டும் சாத்தி வைப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே சொல்லத் தெரியாது. ஈயம் போன செம்புப் பாத்திரங்கள், கால் உடைந்த நாற்காலிகள், திருமணத்திற்கு வந்து உறை பிரிக்காத பரிசுப் பொருள்கள், பழுதான இன்வெர்ட்டர் பாட்டரி, பேசாத கைபேசிகள், பூச்சி அரித்த கம்பளிகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

சேமித்து வைப்பது தவறா?

சேமிப்பை இஸ்லாம் தடுக்கவில்லை. நபி யூசுஃப் (அலை) அவர்கள், செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன வரலாற்றைத் திருமறையின் 12-ஆம் அத்தியாயம் கூறுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்த செய்தி புகாரியில் உள்ளது. எனவே, "பின்னால் உதவும்" என்று ஒரு பொருளை எடுத்து வைப்பது தவக்குலுக்கு மாறானதன்று.

ஆனால் யூசுஃப் (அலை) அவர்களின் களஞ்சியத்திற்கு மூன்று தன்மைகள் இருந்தன. அதற்குக் கணக்கு இருந்தது, காலக்கெடு இருந்தது, பசித்த மக்களுக்காக அது திறக்கப்பட்டது. நம் சாமான் அறைக்கு இம்மூன்றில் எது இருக்கிறது? இருப்பதையே மறந்துவிட்ட ஒரு பொருளைச் சேமிப்பு என்று சொல்ல முடியுமா? அது சேமிப்பன்று, முடக்கம்.

ஆணுக்கு ஒரு விரிப்பு, அவன் மனைவிக்கு ஒரு விரிப்பு, மூன்றாவது விருந்தாளிக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் ஒரு நபிமொழி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. விருந்தாளிக்கென்று எடுத்து வைப்பதை நபி (ஸல்) அவர்கள் குறை கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாருக்கென்றே தெரியாமல் கிடப்பதைத்தான் ஷைத்தானின் பங்கு என்றார்கள்.

சட்டத்திலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. ஹனஃபி மத்ஹபில், தேவைக்கு மேற்பட்ட வீட்டுச் சாமான்களுக்கு ஜகாத் இல்லை என்றாலும், ஃபித்ராவும் குர்பானியும் ஒருவர் மீது வாஜிபாகுமா என்று பார்க்கும்போது அவற்றின் மதிப்பும் நிஸாபுக் கணக்கில் சேரும். புழங்காமல் கிடக்கும் பொருளும் ஒருவரை வசதியுள்ளவராக்குகிறது என்பது இதன் உட்பொருள்.

மாஊன் என்ற சொல்

ஏழே வசனங்கள் கொண்ட 107-ஆம் அத்தியாயத்தை நம் குழந்தைகளும் மனப்பாடமாக ஓதுகின்றன. தொழுகையில் பராமுகமாக இருப்போரையும், பிறர் காண வணங்குவோரையும் கண்டிக்கும் அந்த அத்தியாயம், "மாஊன்" என்பதைத் தடுத்துக்கொள்வோரைக் கண்டித்து முடிகிறது. மாஊன் என்றால் என்ன? ஜகாத் என்று அலீ (ரலி) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். வாளி, சட்டி போன்ற புழங்கு பொருள்களை இரவல் கொடுப்பது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கினார்கள்.

ஒரு வாளிக்கும் சட்டிக்கும் இத்தனை கடுமையான எச்சரிக்கையா என்று வியக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண் பெரிய சட்டி ஒன்று கேட்டு வருகிறாள். "எங்கே கிடக்கிறதோ தெரியவில்லை, தேடி எடுக்க முடியாது" என்று அனுப்பிவிடுகிறோம். அதில் பொய்யும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. ஆனால் தடுத்தது தடுத்ததுதானே? மனம் இறுகித் தடுப்பது ஒரு வகை. குப்பை மூடித் தடுப்பது இன்னொரு வகை. கேட்டு வந்தவள் வெறுங்கையோடு திரும்புவது இரண்டிலும் ஒன்றே.

யாருடைய பொருள்?

அறையைத் திறந்து துப்புரவு செய்யத் தொடங்கியதும், "எது வேண்டும், எது வேண்டாம்?" என்றுதான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "இது யாருடையது?" என்பதாகும்.

முதலாவது, இரவல் வந்தவை. நம் பாத்திரங்களில் பெயர் பொறிக்கும் வழக்கம் நல்லதொரு வழக்கம். எவர் வீட்டுக் கல்யாணத்திலோ மாறி வந்த ஸஹனும், ஜமாஅத்தின் பெயர் பொறித்த தேக்சாவும் நம் அறையில் கிடந்தால், அந்த எழுத்தே நமக்கெதிரான சாட்சியாகும். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை 4:58 கட்டளையிடுகிறது. உரியவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, மௌத்தானவர்கள் விட்டுச் சென்றவை. இதில்தான் நல்லவர்களும் வழுக்குகிறார்கள். உம்மாவின் செம்புப் பாத்திரங்களையும் பெட்டியையும், "அவர்கள் பெயரில் நன்மை சேரட்டும்" என்று மகன் ஒரு மத்ரஸாவுக்குக் கொடுத்துவிடுகிறான். எண்ணம் அழகானது. ஆனால் பொருள் அவனுடையது மட்டுமா? பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு, அது குறைவானாலும் கூடுதலானாலும் சரியே என்பது 4:7-ஆம் வசனத்தின் கருத்து. வீடும் தோப்பும் பங்கிடும்போது சகோதரிகளை அழைக்கிறோம். பாத்திரம் பண்டங்களுக்கு அழைப்பதில்லை. "குறைவானாலும்" என்று இறைவன் சொல்லியிருக்க, அற்பம் என்று ஒதுக்க நாம் யார்? எல்லா வாரிசுகளின் மனப்பூர்வமான சம்மதமின்றி அவற்றை விற்பதும் கூடாது, தர்மம் செய்வதும் கூடாது. பிறர் பங்கிலிருந்து கொடுப்பது தர்மமாகாது.

வாப்பாவின் பழைய கணக்கு நோட்டு அகப்பட்டால் அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவசியம். தீராத கைமாற்று ஒன்று அதில் எழுதப்பட்டிருக்கலாம். வாரிசுப் பங்கிற்கு முன்னால் கடனைத் தீர்க்க வேண்டும் என்று 4:11-ஆம் வசனம் விதிக்கிறது.

மூன்றாவது, வீட்டுப் பெண்களின் பொருள். மனைவியின் மஹரும், அவள் பெற்றோர் அவளுக்குக் கொடுத்த சீரும் அவளுக்கே சொந்தம். "அடைசலாக இருக்கிறது" என்று அவளைக் கேளாமல் கழித்துவிடக் கணவனுக்கு உரிமையில்லை.

கொடுப்பதும் கழிப்பதும்

நம்முடையவை என்று உறுதியானவற்றுள், பழுது பார்த்தால் பயன்படுபவற்றை முதலில் பிரிக்க வேண்டும். மைமூனா (ரலி) அவர்களின் வீட்டாருக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துப்போனது. அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாகாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. செத்த ஆட்டின் தோலையும் வீணாக்க மனம் வராத நபியின் உம்மத்து நாம்.

கொடுப்பவற்றில் ஒரு நிபந்தனை உண்டு. நமக்குத் தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டல்லாது வாங்கமாட்டோமே, அத்தகைய மட்டமானதைத் தேடிக் கொடுக்க வேண்டாம் என்ற கருத்தில் 2:267-ஆம் வசனம் எச்சரிக்கிறது. கிழிந்த கம்பளியை ஏழையின் வாசலில் இறக்குவது தர்மமன்று. நம் குப்பையைச் சுமக்க அவரைக் கூலியில்லாமல் அமர்த்துவதாகும். துவைத்து, தைத்து, ஈயம் பூசிக் கொடுத்தால் அது தர்மம்.

எதற்கும் உதவாததைத் தெருவில் எறிவதும் கூடாது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. அப்படியானால் தொல்லையைக் கொண்டுபோய்ப் பாதையில் வைப்பது எதன் கிளை? பழைய பாட்டரியில் ஈயமும் அமிலமும் உண்டு. மண்ணையும் நீரையும் கெடுக்கும். அதை விற்ற கடையிலோ, அதற்கென உள்ள சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

சிதைந்த குர்ஆன் பிரதிகளையும் கிதாபுகளையும் பழைய தாள் வியாபாரியிடம் போடலாகாது. தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் அடக்கம் செய்யலாம். உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுச் செய்வது நல்லது. அரபுத் தமிழ் ஏடுகள் அகப்பட்டால், விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் புதைத்துவிட வேண்டாம். அது நம் முன்னோரின் எழுத்து.

சொந்தக் கையால்

இவ்வேலையைக் கூலிக்கு விடலாகாதா? சுவருக்கு வெள்ளையடிக்கக் கூலியாள் போதும். ஆனால் ஹக்கைப் பிரிக்க அவரால் ஆகாது. எந்தத் தட்டு யார் வீட்டிலிருந்து வந்தது என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், வீட்டு வேலைகளில் ஈடுபட்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நமக்கு அதில் என்ன கௌரவக் குறைவு?

செய்முறையும் கடினமன்று. ஒரே நாளில் முழு அறையையும் வெளியே கொட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மூலை போதும். காலியானதும் சுவரில் ஈரம் இருந்தால், முதலில் கூரை ஒழுகலையோ குழாய்க் கசிவையோ அடைக்க வேண்டும். ஈரத்தின் மேல் பெயிண்டு பூசினால் சில மாதங்களில் உரியும். சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டிக் கொஞ்சம் பசை சேர்த்து, நனைத்த சுவரில் மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். நீற்றும்போது அது கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அண்டவிடக் கூடாது. அலமாரியைச் சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்தால், கறையான் ஏறுவது உடனே கண்ணில் படும்.

அறையைத் துலக்கியபின் அதில் இருப்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இரவல் கேட்டு வருபவருக்கு உடனே எடுத்துக் கொடுக்கலாம். நமக்குப்பின் வருகிற வாரிசுகளுக்கும் எது நம்முடையது, எது அமானிதம் என்பது தெரியும். மௌத்து எந்த நாளில் வரும் என்று அறியாத நாம், பிறருடைய சட்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கணக்குக் கேட்கப்படுமுன் நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளும் நல்லுணர்வை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.